முந்திக் கொட்டிய மேளம்

பாரீசுக்கு வெளியே, நம்மவர்கள் வாடகைக்கு எடுக்கும் ஒரு மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், தன் மைத்துனர் சொன்னதாக ஒரு கதை சொன்னார். திண்டிவனத்தில் ஒரு தவில்காரன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, தாலி கட்டுவதற்கு முன்பே கெட்டிமேளம் கொட்டிவிட்டானாம். கொட்டிய கையோடு பின்வாசல் வழியாக ஓடியும் போய்விட்டானாம். அந்தக் கல்யாணப் பெண் மூன்றாம் நாளே கிணற்றில் விழுந்துவிட்டாளாம். மேசையில் இருந்தவர்கள் மேளத்துக்குச் சிரித்தார்கள். கிணறு வந்தபோது "அடப்பாவமே" என்றார்கள். பிறகு அப்பளம் கேட்டார்கள்.

என் மனைவி மட்டும் அப்பளத்தைத் தொடவில்லை. வீடு திரும்பும்போது ரயிலில், கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அது எங்க பெரியப்பா" என்றாள்.

அவளுடைய பெரியப்பா தாண்டவராயன் வாழ்நாளில் குடித்ததில்லை. அந்தப் பெண் கிணற்றில் விழவில்லை. மேளம் முந்தியதும் பின்வாசல் வழியாகப் போனதும் மட்டும் உண்மை.

அடுத்த விடுமுறையில் விழுப்புரம் போனபோது, பெரியம்மா அம்சவள்ளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "கேளு, கேளு. யாராவது ஒழுங்கா கேட்டுத்தான் தொலையட்டுமே" என்று முறத்தைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சும் தமிழும் படித்தவன் என்பதால் முதலில் பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். அட்சதை என்றால் என்ன என்று விளக்கவே அரைப் பக்கம் போய்விட்டது. விட்டுவிட்டேன்.

தாண்டவராயன் விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். எந்த நாயன செட்டையும் சேர்ந்தவரில்லை. சின்ன செட்டுகளில் நாயனக்காரர் இருப்பார், ஒத்து ஊதுபவர் இருப்பார், தாளம் போடுபவர் இருப்பார். நல்ல தவில் இருக்காது. கல்யாணம் வந்தால் வெளியிலிருந்து தவிலுக்கு ஆள் கூப்பிடுவார்கள். அப்படிப் போகிறவருக்கு 'ஸ்பெஷல் தவில்' என்று பெயர். 1950களில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஸ்பெஷல் தவில் என்றால் முதலில் சொல்லப்பட்ட பெயர் அவருடையதுதான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. முகூர்த்த நாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆடி முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு, ஆவணி பிறந்ததும் ஒரே நாளுக்கு நாலு வீட்டிலிருந்து ஆள் வரும். வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். அதை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி; திருப்பித் தருவது என்ற பேச்சே கிடையாது. தாண்டவராயனுக்கு நீட்டிய தட்டை மறுக்கத் தெரியாது. ஆடியின் பயம் ஆவணியிலும் அவரை விடாது. "இன்னிக்கு இல்லன்னு சொன்னா, நாளைக்கு அவன் வேற ஆள பாத்துக்குவான்" என்பார்.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகுகாலம். அதற்கு முன்னால் ஒரு முகூர்த்தம், அதற்குப் பின்னால் ஒரு முகூர்த்தம். இரண்டும் நல்ல நேரம்தான். நடுவில் உள்ள அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். ஆனால் பஸ் ஓடும். முதல் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டு, தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால், இரண்டாவது ஊருக்கு நேரத்தில் போய்ச் சேரலாம். பல தடவை போய்ச் சேர்ந்திருக்கிறார். 'ராவுகால வண்டி' என்று செட்டுக்காரர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

1957 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த சீனுவாசனின் மூத்த மகள் கிருஷ்ணவேணிக்கு ஏழரைக்குள் முகூர்த்தம். விழுப்புரத்தில் ரைஸ் மில் முருகையன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பதுக்கு மேல். இரண்டு வெற்றிலையையும் வாங்கியிருந்தார்.

முதல் நாள் சாயங்காலமே திண்டிவனம் போய்விட்டார். அங்கே நாயனம் வாசிக்க வந்திருந்தவர் ராஜாமணி. வயதிலும் தொழிலிலும் மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா தாண்டவராயா, நாளைக்கு எந்த ஊருக்கு ஓடப்போற?"

"விழுப்பரம்ணே. ரைஸ் மில்லு வூட்டுது. ஒம்பதுக்கு மேலதான்."

"ராவுகாலத்துல கெளம்பற மனுசன் உருப்படுவானாய்யா?"

"நான் எங்கண்ணே கெளம்பறேன்? பஸ்சு கெளம்புது. நான் குந்திக்கினு இருக்கிறேன்."

ராஜாமணி சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா சீனுவாசன் அங்கே வந்தார். அவருக்கு ஒரு கவலை. சடங்கு செய்யவந்த ஐயருக்குத் தொண்டை கட்டியிருந்தது. 'கெட்டிமேளம்' என்று அவர் சொன்னால் பந்தல் காலுக்குக்கூடக் கேட்காது.

"அவரு வாய பாத்துக்கினு இருக்காதீங்க மேளக்கார்ரே. நான் மணவறை பக்கத்துலயே நிக்கிறேன். நான் கைய தூக்கினா மேளம். புரியுதா?"

"ஆவட்டுங்க" என்றார் தாண்டவராயன்.

பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். விழுப்புரம் பஸ் ஓட்டும் பூமாலை அவருக்குத் தெரிந்தவர். மண்டபத்துத் தெருமுனையில் நின்று இரண்டு ஹாரன் அடிப்பார். அதற்கு மேல் நிற்கமாட்டார், நிற்கவும் முடியாது.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மாப்பிள்ளை மணவறைக்கு வந்தார். பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். வந்திருந்தவர்கள் எல்லாருக்கும் மஞ்சள் கலந்த அட்சதையைக் கொடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் பெண்ணின் தாய்மாமன் பந்தலில் இல்லை என்பது தெரிந்தது. ஒலக்கூரிலிருந்து வந்த மனிதர். பத்திரிகையில் தன் பெயரை மாப்பிள்ளையின் மாமனுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள் என்று மண்டபத்துக்கு வெளியே மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் மாலை போடாமல் தாலி கட்டமுடியாது. சீனுவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரைச் சமாதானம் செய்யப் போனார். ஐயர் ஏற்கெனவே சொன்ன மந்திரத்தையே கரகரத்த குரலில் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜாமணி இன்னொரு கீர்த்தனையை எடுத்தார். தாண்டவராயன் வாசித்தார், கண் வாசலில் இருந்தது, காது தெருமுனையில் இருந்தது.

"எலேய், தாளத்த பாரு" என்றார் ராஜாமணி, நாயனத்தை வாயிலிருந்து எடுத்து.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. தாலியைத் தட்டில் தேங்காயோடு வைத்துப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவதற்காகப் பந்தலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தட்டு பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் இருந்தது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு.

அந்தச் சமயம் பார்த்துச் சீனுவாசன் மச்சானின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். வாசல் முழுக்கக் கூட்டம். "வழி வுடுங்க, மாமன் வர்றாரு, வழி வுடுங்க" என்று தலைக்கு மேலே கையைத் தூக்கினார்.

தாண்டவராயனின் கை விழுந்தது. கெட்டிமேளம்.

ராஜாமணி திடுக்கிட்டார், ஆனால் தவில் கொட்டினால் நாயனம் ஊதித்தான் ஆகவேண்டும், உச்சத்தில் பிடித்தார். பந்தலில் இருந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் வேறு எதுவும் தோன்றாது. எல்லாரும் எழுந்து நின்று, கையிலிருந்த அட்சதையை மணவறை மேல் வீசினார்கள். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களின் தலையில் வீசினார்கள். மாப்பிள்ளை வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். ஐயர் வாயைத் திறந்து ஏதோ கத்தினார்; குரல் வரவில்லை. தாய்மாமன் கையில் மாலையோடு வாசலில் நின்றார். அவர் மேலும் அரிசி விழுந்தது. கடைசி வரிசையில் தாலித் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பெண் தட்டையும் மணவறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேளம் நின்றது. அந்த அமைதியில் கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள்.

புன்னகை இல்லை. வாய்விட்டு, அடக்கமுடியாமல் வந்த சிரிப்பு. தலை நிறைய மஞ்சள் அரிசியோடு, கழுத்தில் தாலி இல்லாமல், பதினெட்டு வயதுப் பெண் சிரித்தாள். மாமியார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு தட்டு ஓடிவந்தது. தாய்மாமன் மாலை போட்டார். தாலி கட்டும்போது தாண்டவராயன் முறையாகத்தான் கொட்டினார். ஆனால் யார் கையிலும் அட்சதை இல்லை. சில பெண்கள் குனிந்து தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் போட்டார்கள். கால் பட்ட அரிசி. சிலர் வெறும் கையை வீசினார்கள்.

இந்த இடத்தில் பெரியம்மா பேச்சை நிறுத்தினார். "கைய தூக்கினா மேளம்னு அந்த மண்டிக்காரருதான சொன்னாரு? அத சொல்லியிருந்தா பாதி பழி போயிருக்கும். இவரு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஏன்னு நான் கேட்டேன். ரொம்ப வருசம் கழிச்சுதான் பதில் சொன்னாரு. 'தட்டு அந்தக் கோடியில இருந்தத நான் பாத்தேன், அம்சா. பாத்துக்கினேதான் கொட்டினேன். கை தூக்கினதும், அப்பாடா, வுட்டுதுரா சனின்னு ஆயிடுச்சு'ன்னாரு."

தப்பு அதோடு நிற்கவில்லை. தாலி ஏறிய மறுகணம் அவர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். தவிலைத் தோளில் ஏற்றினார். ராஜாமணி அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா போற? அந்த மனுசன் கிட்ட நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போ."

"பஸ்சு பூடிச்சிண்ணே. அங்க பந்தல்ல காத்துக்கினு இருப்பாங்க."

"இங்க இருக்கிறவங்க மனுசங்க இல்லியா?"

அவர் துண்டை உருவிக்கொண்டார். முன்வாசல் வழியாகப் போனால் சீனுவாசனைத் தாண்ட வேண்டும். சமையல்கட்டுக்குள் புகுந்து, அடுப்புப் புகைக்கு நடுவே, சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் வெளியேறினார். பூமாலையின் பஸ் போய்விட்டிருந்தது. மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு தெற்கே போன ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி, மூட்டைகளின் மேல் தவிலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து விழுப்புரம் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு ரைஸ் மில் முருகையன் வீட்டில் அவர் வாசித்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முருகையன் எல்லார் முன்னாலும் அவருக்குச் சரிகைத் துண்டு போர்த்தி, "கையா அது! பேசுதுய்யா!" என்றார். தாண்டவராயன் குனிந்துகொண்டே நின்றார். தலையில் இன்னும் இரண்டு மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைத் தட்டிவிட்டு, "இன்னும் இங்க தாலியே கட்டல, அதுக்குள்ள யாருண்ணே உங்களுக்கு அட்சத போட்டது?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

அந்தச் சரிகைத் துண்டை அவர் ஒரு தடவையும் போட்டதில்லை. பெரியம்மா அதைத் தலையணைக்கு உள்ளே வைத்துத் தைத்துவிட்டாராம்.

மறுநாள் ராஜாமணி விழுப்புரம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தாலி கட்டி முடிஞ்சதும் சீனுவாசன் வந்தாரு. 'எங்க மேளக்காரரு'ன்னாரு. திரும்பி பாத்தா நீ குந்தினு இருந்த ஜமக்காளம்தான் இருக்குது. நின்னிருந்தா ரெண்டு அற வுட்டுருப்பாரு, தலைய குனிஞ்சு வாங்கிக்கினு வந்திருக்கலாம். அதோட முடிஞ்சிருக்கும். இப்ப அவரு யார அடிப்பாரு, சொல்லு."

தாண்டவராயன் தவிலின் உறையை இழுத்து மூடினார்.

"அந்த பொண்ணு வேற சிரிச்சி தொலைச்சிட்டுது. மாப்பிள்ள வூட்டுல உன்ன வுட்டுட்டாங்க. அத புடிச்சிக்கினாங்க."

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளைக்கு ஒரு வெற்றிலைக்கு மேல் வாங்கவில்லை. ஆனால் கை கெட்டுவிட்டது. வாசிப்பில் குறை இல்லை. கெட்டிமேளத்தில் மட்டும் கோளாறு. தாலியின் முதல் முடிச்சைத் தன் கண்ணால் பார்க்காமல் அவர் கை விழாது. ஐயர் சொல்வார், பெண்ணின் அப்பா கத்துவார், நாயனக்காரர் முழங்கையால் இடிப்பார். அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, பெண்ணைப் பெற்றவள் விம்மினாலோ, அந்தச் சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். இவருடைய மேளம் தும்மல் எல்லாம் கேட்ட பிறகு வந்தது. முந்திரிக்கொட்டை என்று கேலி செய்தவர்கள் இப்போது 'லேட் தவுல்' என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் இரண்டாவது தவிலாக மட்டும் போக ஆரம்பித்தார். முதல் தவில்காரர் கொட்டத் தொடங்கியதும் இவர் சேர்ந்துகொள்வார். அதில் பார்க்கவேண்டியது எதுவும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து வந்த எந்த வெற்றிலையையும் வாங்கவில்லை. மதராஸ் போகும் பஸ் திண்டிவனத்தில் நிற்கும்போது துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்குவதாக நடிப்பார். பூமாலைதான் அவ்வப்போது சேதி கொண்டுவருவார். கிருஷ்ணவேணிக்கு முதல் குழந்தை பிறந்தவுடனே போய்விட்டது. மாமனார் காலை ஒடித்துக்கொண்டார். கேணி வற்றியது. எல்லாவற்றுக்கும் அவள் மாமியாரிடம் ஒரே காரணம் இருந்தது: தாலிக்கு முன்னால் மேளம், பொறுக்கின அரிசி, மணவறையில் சிரித்த மருமகள். பிறகு ஒரு பையன் பிறந்தான், நன்றாக வளர்ந்தான். அதற்கு யாரும் காரணம் தேடவில்லை.

"இதெல்லாம் ஏன்யா என்கிட்ட சொல்லிக்கினு இருக்க?" என்று கேட்பார் தாண்டவராயன்.

"நீதான கேட்ட?" என்பார் பூமாலை. ஒவ்வொரு தடவையும் கேட்டது தாண்டவராயன்தான்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. 1966 ஆனி மாதம் ஒருநாள், பகல் வேளையில், ஒரு பெண் கையில் பையனைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெரியம்மா வீட்டில்தான் இருந்தார். தாண்டவராயன் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேளக்கார்ரே, என்ன தெரியுதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெரியவில்லை என்று தலையாட்டினார்.

"தாலிக்கு முந்தியே எனக்கு கல்யாணம் பண்ணி வெச்சிட்டு போனீங்களே!"

வார் கையிலிருந்து நழுவியது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பெரியம்மாதான் பாய் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். கிருஷ்ணவேணி மோரைப் பையனிடம் கொடுத்துவிட்டு, நெடுநாள் பழகியவள்போலப் பேசினாள்.

"பயப்படாதீங்க. சண்ட போட வரல. என் தங்கச்சிக்கு ஆவணில ஒரு திங்கக்கெழம, ஏழரைக்குள்ள கல்யாணம். அதே மண்டபம்தான். நீங்க வந்து வாசிக்கணும்."

"நானா?"

"ஆமா. ரெண்டாவது தவுலா இல்ல. தனியா. கெட்டிமேளம் நீங்கதான் கொட்டணும்."

"யம்மா, உங்க அப்பா…"

"அவரு மொதல்ல குதிச்சாரு. 'அந்த ஆளு வந்தா நான் பந்தலுக்கே வரமாட்டேன்'னாரு. நானும் சொல்லிட்டேன், அப்போ நானும் வரலன்னு. மூணு நாளு பேசல. அப்பறம், 'வரட்டும், ஆனா இந்த வாட்டி நான் கைய தூக்கமாட்டேன்'னு சொன்னாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டாராம்.

தாண்டவராயன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கை இப்ப சரியில்லம்மா. லேட்டா வுழுது. ஊரே சொல்லுது."

"கேள்விப்பட்டேன்." அவள் குரல் தணிந்தது. "இத பாருங்க. எங்க வூட்டுல பால் திரிஞ்சா அந்த மேளம். மாடு செத்தா அந்த மேளம். எம்புள்ள போச்சே, அதுக்கும் அந்த மேளம், என் சிரிப்பு. ஒம்போது வருசமா கேட்டுக்கினு இருக்கிறேன். அதே மண்டபத்துல, அதே சனங்க குந்தினு இருக்க சொல்ல, நீங்க ஒழுங்கா ஒருதரம் கொட்டிட்டீங்கன்னா, அப்பறம் எம் மாமியா எத சொல்லுவாங்க? இவரு தப்பா கொட்டினாரு, இப்ப சரியா கொட்டினாரு, அவ்ளோதான்னு ஆயிடும். வேற ஆள் வந்து கொட்டினா அது ஆவாதுங்க. நீங்கதான் வரணும்."

கூடையிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து நீட்டினாள்.

அந்த மனிதர் வாழ்நாளில் மறுக்காத தட்டு. கை பாதிவரை வந்தது, நின்றது. "யோசன பண்ணி சொல்றேன்மா" என்றார்.

அவள் தட்டைத் திரும்ப வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "ராயப்பன் ஆபீசுல போன் இருக்குதில்ல? வெள்ளிக்கெழம பதினோரு மணி வாக்குல உங்க பேருக்கு பி.பி. கால் போடறேன், நீங்களே வந்தாதான் லைன் குடுப்பாங்க. வர்றேன், இல்ல வரல. ஒரு வார்த்த சொல்லுங்க. நான் அதுக்கு மேல கேக்கமாட்டேன்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினாள். "ஏதோ ஒண்ணு சொல்லிடுங்க மேளக்கார்ரே. மறுபடியும் பின்வாசலால போயிடாதீங்க."

ராயப்பன், ரயிலடி எதிரே லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். அந்தப் பக்கத்தில் போன் அவரிடம் மட்டும்தான் இருந்தது. செட்டுக்காரர்களுக்கு வரும் சேதி எல்லாம் அங்கேதான் வரும்.

புதன்கிழமை வளவனூரிலிருந்து ஆள் வந்தார்கள். ஆவணியில் கிருஷ்ணவேணி சொன்ன அதே திங்கட்கிழமை, அதே முகூர்த்தம், இரண்டாவது தவில். பெரியம்மா சமையற்கட்டிலிருந்து வெளியே வருவதற்குள் தாண்டவராயன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்தவர்கள் போனபின் பெரியம்மா கேட்டார்.

"இன்னா பண்ணீங்க?"

"வெத்தல வாங்கிட்டேன். இனிமே திண்டிவனத்துக்கு எப்படி போறது? வாக்கு குடுத்தாச்சு."

"அந்தப் பொண்ணு வந்துட்டு போயி மூணு நாளு ஆவல."

"அவங்க தட்ட நான் வாங்கலியே."

"அப்போ ஆசப்பட்டு ரெண்டு வெத்தல வாங்கினீங்க. அதுக்கு வேற பேரு. இப்ப ஒளிஞ்சிக்கத்தான ஒரு வெத்தல வாங்கியிருக்கிறீங்க?" பெரியம்மா இதைக் கத்திச் சொல்லவில்லை. "வளவனூருக்கு நானே போறேன். காலுல வுழுந்து திருப்பி குடுத்துட்டு வர்றேன். இந்த ஊரு சரித்திரத்துல மொத ஆளா நான் இருந்துட்டு போறேன். நீங்க வர்றேன்னு மட்டும் சொல்லுங்க."

"திருப்பி குடுக்கிறதா? தொழில்ல எவனாவது அப்பறம் மதிப்பானா?"

"இப்ப மதிக்கிறானா?"

அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வளவனூர் வெற்றிலை வாடிவிடக்கூடாது என்று பெரியம்மா அதை ஈரத் துணியில் சுற்றி வைத்தார். திருப்பிக் கொடுத்தாலும் பசுமையாகக் கொடுக்கவேண்டும் இல்லையா?

வெள்ளிக்கிழமை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவர் முன்னால் நடந்தார். பெரியம்மா சுற்றிய வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் போனார். ராயப்பனின் ஆபீசில் இரண்டு டிரைவர்கள் சரக்குச் சீட்டான பில்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாய்யா லேட் தவுல். உன்ன நம்பி டிரங்க் கால் போடறாங்கன்னா பெரிய எடம்தான். எக்சேஞ்சுல இருந்து காலையிலயே சொல்லிட்டாங்க, தாண்டவராயன்ற ஆளு இருக்கணும்னு. குந்து."

அவர் உட்கார்ந்தார். வலதுகை முழங்காலில் கிடந்தது. கூடு மாட்டாத விரல்கள் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. பெரியம்மா வாசல்படிக்கு வெளியே நிழலில் நின்றார். அவருக்கு அந்த விரல்கள் தெரிந்தன. ஒரு கெட்டிமேளம் தொடங்கும், பாதியில் நிற்கும். மறுபடி தொடங்கும், நிற்கும்.

போன் அடித்தது.

ராயப்பன் எடுக்கவில்லை. கருப்புப் பெட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். "உனக்குத்தான்யா. எடு."

தாண்டவராயன் அதைப் பார்த்தார். விரல்கள் நின்றுவிட்டன. போனைப் பார்த்தவர், திரும்பி, ஆபீசின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரத் துணியைக் கையில் எடுத்து, அவருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டார்.

"யோவ், எடுய்யா, ஜல்தியா. அந்தப் பக்கம் பொம்பள காத்துக்கினு இருக்குது" என்றார் ஒரு டிரைவர்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கையைத் தூக்கினார். கை போனுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது, தாலி முடிச்சைக் காணாமல் நிற்பதுபோல. மணி அடித்துக்கொண்டே இருந்தது.